மாற்றம், முதுமை, தாய்மை: ஒரு கலைக்கண்காட்சி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தன் வயது ஏறுவதையும், தான் தாயானதையும், தன்னைப் பெற்றவள் தளர்ந்துபோனதையும் பொருளாக எடுத்துக்கொண்டு ஓவியரோ சிற்பியோ நிழற்படக் கலைஞரோ கண்காட்சி வைக்கும்போது, பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுள் திரும்பத் திரும்ப எழுகின்றவற்றுக்கு, இத்துறையில் ஏற்கெனவே பெயர்பெற்ற படைப்புகளைச் சான்றாக வைத்து இங்கே விடை தரப்பட்டுள்ளது.

மாற்றம், முதுமை, தாய்மை ஆகிய மூன்றும் ஏன் ஒரே கண்காட்சியில் வைக்கப்படுகின்றன?

உடலுக்குரியவரின் விருப்பத்தைக் கேட்காமலேயே உடல் மாறிக்கொள்ளும் காலங்கள் உண்டு. வயிறு பெரிதாவது, பால் சுரப்பது, மாதவிடாய் நிற்பது, தோல் தளர்வது என எல்லாமே அவ்வகையைச் சேர்ந்தவை. மகப்பேறும் மூப்பும் வாழ்க்கையின் இரு முனைகளில் நிற்பவைபோலத் தோன்றினாலும், கலைஞரின் கண்ணுக்கு அவை ஒரே கேள்வியாகவே வந்து நிற்கின்றன: நேற்று இருந்த ஆளும் இன்று இருக்கும் ஆளும் ஒருவர்தாமா, அப்படியென்றால் அதை எந்தக் கோட்டில், எந்தப் பொருளில் பிடித்து வைப்பது?

மூன்றும் ஒரே தாளில் கூடியிருப்பதைக் காண விரும்புகிறவர்கள், ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514-இல் தம் தாயைக் கரியால் வரைந்த படத்தைப் பார்க்கலாம். அது இப்போது பெர்லினில் உள்ளது. அந்தத் தாய்க்கு அப்போது வயது 63. பெற்ற பிள்ளைகள் 18 பேர். அவர்களுள் வளர்ந்து ஆளானவர்கள் மூவர் மட்டுமே. கழுத்து நரம்புகள் கயிறுகளாகப் புடைத்திருக்கின்றன. கன்ன எலும்பின் கீழே சதை உள்வாங்கியிருக்கிறது. ஒரு கண் நம்மைப் பார்க்க, மற்றொன்று சற்றே விலகி வேறெங்கோ பார்க்கிறது. மகன் எதையும் மென்மைப்படுத்தவில்லை. வரைந்த இரண்டு மாதங்களுக்குள் தாய் இறந்துபோகவே, அந்த நாளையும் நேரத்தையும் அதே தாளில் மையால் எழுதிச் சேர்த்தார். கரியால் போட்ட கோடுகளுக்கும் மையால் எழுதிய வரிக்கும் இடையே நிற்கும் அந்த இரண்டு மாதத்தை உணர்ந்துவிட்டால், இத்தகைய கண்காட்சியில் எதைத் தேட வேண்டும் என்பது பெருமளவு விளங்கிவிடும்.

தாய்மை என்றால் அன்பும் கனிவும் நிறைந்திருக்கும் என்று எண்ணி வந்தால், ஏன் இவ்வளவு துயரமும் சோர்வும் தென்படுகின்றன?

கனிவு இல்லாமல் இல்லை. ஆனால் கனிவை மட்டுமே காட்டும் படைப்புகள் வாழ்த்து அட்டைகளில் போதுமான அளவு கிடைக்கின்றன. தாய்மையைப் போற்றிப் பாடிக்கொண்டே, அதைச் செய்கிற பெண்ணின் களைப்பைக் கண்டுகொள்ளாமல் விடுவது எல்லாச் சமூகங்களுக்கும் பழகிப்போன ஒன்று. அந்தப் பழக்கத்துக்கு எதிராகத்தான் இந்தக் கலைஞர்களுள் பலர் வேலை செய்கிறார்கள்.

ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கொல்விட்ஸ் 1903-இல் செய்த அச்சோவியம் ஒன்றில், இறந்த குழந்தையின் மீது ஒரு தாய் குனிந்து கவிந்திருக்கிறாள்; முகத்தைக் குழந்தையின் மார்பில் புதைத்துக் கொண்டிருக்கும் விதத்தில், பிடித்திருப்பது மனுஷியா விலங்கா என்று ஐயுறத் தோன்றும். ஏழு வயதாக இருந்த தம் மகன் பீட்டரை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் பார்த்து அவர் அதை வரைந்தார். அதே பீட்டர் 1914 அக்டோபரில், முதல் உலகப்போரில், 18 வயதில் கொல்லப்பட்டார். மகனுக்காக ஒரு நினைவுச்சிற்பம் செய்ய அப்போதே எண்ணிய கொல்விட்ஸ், மனத்துக்கு ஒப்பாத வடிவங்களைக் கைவிட்டுக் கைவிட்டு, இறுதியில் 1932-இல்தான் அதை முடித்து நிறுவினார். மகன் உயிரோடிருந்த காலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு காலம். தாயும் தந்தையும் தனித்தனியே மண்டியிட்டிருக்கும் அந்த இரு கல்லுருவங்கள் இன்று பெல்ஜியத்தில் விளாட்ஸ்லோ என்னும் ஊரின் போர்க்கல்லறையில் உள்ளன. அவர்கள் ஒருவரையொருவர் தொட்டுக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொடங்கியபோது நாற்பதுகளில் இருந்த தாய், முடித்தபோது அறுபதுகளில் இருந்தார். ஆகவே அது துயரத்தின் சிற்பமாக இருப்பதோடு, அவருடைய மூப்பின் பதிவாகவும் இருக்கிறது.

அன்பும் அச்சமும் ஒன்றாகக் கலந்திருப்பதற்கு பிரான்சில் பிறந்த சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் ‘மாமன்’ என்னும் சிற்பம் எடுத்துக்காட்டு. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு ‘அம்மா’ என்று பொருள். உருவமோ 9 மீட்டருக்கும் மேல் உயர்ந்த சிலந்தி. அவருடைய தாய் பழைய திரைச்சீலைகளைச் செப்பனிடும் தொழில் செய்தவர். கிழிந்ததை மீண்டும் மீண்டும் நெய்து சேர்த்தவர். அதன் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், வயிற்றுக்கூட்டில் பளிங்கு முட்டைகள் தெரியும். 1999-இல் உருவான அச்சிற்பம் 2000-இல் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தபோது கலைஞருக்கு வயது 88. தாய் இறந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

தாயும் இல்லை, குழந்தையும் இல்லை. வெறும் தாள்களும் குறிப்புகளும் தொங்குகின்றன. இது எப்படித் தாய்மையைப் பற்றிய படைப்பாகும்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. மேரி கெல்லி என்னும் கலைஞர், 1973-இல் மகன் பிறந்தது முதல் அவன் தன் பெயரை எழுதக் கற்கும் வரையிலான காலத்தை ஆறு பகுதிகள் கொண்ட பெரும் படைப்பாக்கினார். 1979-இல் நிறைவடைந்த அதன் தலைப்பைத் தமிழில் ‘மகப்பேற்றுக்குப் பிந்தைய ஆவணம்’ எனலாம். அதன் எந்தப் பகுதியிலும் தாயின் படமோ குழந்தையின் படமோ கிடையாது. முதல் பகுதியில் குழந்தையின் அணையாடைக்குள் வைக்கப்பட்ட மெல்லிய உட்துணிகள் சட்டமிடப்பட்டிருக்கின்றன, அவற்றில் மலக்கறை, அதன் கீழே அன்று குழந்தைக்கு என்ன உணவு, எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற கணக்கு. பிந்தைய பகுதிகளில் குழந்தையின் மழலைப் பேச்சு, கிறுக்கல்கள், பிஞ்சுக் கையின் அச்சு, அவன் தாய்க்குப் பரிசாகக் கொண்டுவந்து கொடுத்த சிறு பொருள்கள் ஆகியவை ஓர் அருங்காட்சியகத்தின் மாதிரிகளைப்போல வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

1976-இல் லண்டனில் இதன் தொடக்கப் பகுதிகள் வைக்கப்பட்டபோது, செய்தித்தாள்கள் அழுக்குத் துணி என்று ஏளனம் செய்தன. அந்த ஏளனமே படைப்பின் நியாயத்தை ஒருவகையில் மெய்ப்பித்தது என்பது என் கருத்து. குழந்தை வளர்த்தவர்கள் யாவரும் அந்தத் துணியை எண்ணற்ற முறை பார்த்தவர்கள். நிறத்தைப் பார்த்து வயிற்றின் நிலையைக் கணித்தவர்கள். அந்த அறிவுக்கு அதுவரை எந்தச் சுவரிலும் இடம் இருந்ததில்லை. தாயின் முகத்தை வரைந்திருந்தால் பார்ப்பவர் அவள் அழகையோ தியாகத்தையோ எண்ணிக் கடந்து போயிருப்பார். கணக்கை வைத்ததால் அவள் செய்த வேலையைப் படிக்க வேண்டியதாயிற்று.

துடைப்பது, துவைப்பது போன்ற வீட்டு வேலையைக் கலை என்று சொல்வது மிகையில்லையா?

முதல் பார்வையில் அப்படித் தோன்றுவது இயல்புதான். அமெரிக்கக் கலைஞர் மியர்லி லேடர்மன் யூகிலீஸ், 1968-இல் குழந்தை பெற்ற பிறகு, தம்மைச் சந்திப்பவர்கள் கலையைப் பற்றி எதுவுமே கேட்பதில்லை என்பதையும், நாள் முழுவதும் துடைப்பதிலும் ஊட்டுவதிலும் கழிவதையும் கண்டு, 1969-இல் ஓர் அறிக்கை எழுதினார். புதிதாக ஒன்றை ஆக்குவதை உலகம் கொண்டாடுகிறது. ஆக்கியதைத் தூசு படியாமல் காப்பவரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆகவே காக்கும் வேலையையே இனித் தம் கலையாகச் செய்யப்போவதாக அதில் அறிவித்தார். 1973-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் உள்ள வாட்ஸ்வொர்த் ஏதெனியம் அருங்காட்சியகத்தில், பார்வையாளர்கள் நடந்துகொண்டிருக்கும்போதே, மண்டியிட்டு வாயிற்படிகளையும் தரையையும் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். மக்கள் மிதிக்க மிதிக்கக் கால்தடங்கள் விழுந்தன. அவர் மறுபடியும் துடைத்தார். அதே தரையை அன்றாடம் துடைக்கும் பணியாளரை யாரும் நின்று பார்த்ததில்லை, இவரை நின்று பார்த்தார்கள் என்பதில்தான் அந்தப் படைப்பின் குத்தல் இருக்கிறது.

ஒரே ஆளின் படங்களை ஆண்டுவாரியாக வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். வித்தியாசம் அதிகம் தெரியவில்லையே?

அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டால் தெரியாது. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பார்த்துவிட்டு, பிறகு நடுவில் வந்து, மாற்றம் எந்த இடத்தில் நிகழ்ந்தது என்று தேடிப் பாருங்கள், அகப்படாது. அகப்படாமல் போவதுதான் அந்த வரிசையின் கருத்து.

நெதர்லாந்தின் நிழற்படக் கலைஞர் ரினேக்கே டெய்க்ஸ்ட்ரா, போஸ்னியாவிலிருந்து ஏதிலியாக வந்த ஆல்மெரிசா என்னும் சிறுமியை 1994-இல் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து எடுத்த படத்தில், அவள் கால்கள் தரையைத் தொடாமல் தொங்குகின்றன. ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவளையே எடுத்துக்கொண்டு வந்த வரிசை 2008-இல் முடிகிறது. பின்வரும் படங்களில் பாதங்கள் தரையில் ஊன்றிவிடுகின்றன. உடை மாறுகிறது, முடியின் நிறம் மாறுகிறது, உட்காரும் தோரணை மாறுகிறது. கடைசிப் படத்தில் அவள் மடியில் அவளுடைய குழந்தை. புலம்பெயர்ந்த ஒரு குழந்தை புதிய நாட்டில் வேர்கொண்ட கதையை விளக்கவுரை இல்லாமல் அந்தப் பாதங்களே சொல்லிவிடுகின்றன.

முதுமையை இன்னும் கறாராக அளந்தவர் போலந்துக் கலைஞர் ரோமன் ஓபல்கா. 1965-இல் 1 என்னும் எண்ணில் தொடங்கி, 2011-இல் இறக்கும் வரை தொடர்ந்து எண்களை மட்டுமே வரைந்தார். ஐம்பத்தாறு லட்சத்தைத் தாண்டினார். 1972 முதல் ஒவ்வொரு புதிய ஓவியத்திரையின் பின்னணியிலும் ஒரு விழுக்காடு வெள்ளையைக் கூட்டிக்கொண்டே போனதால், வெள்ளை எண்கள் வெள்ளைத் திரையில் மெல்ல மெல்ல மறையத் தொடங்கின. ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும், அதே வெள்ளைச் சட்டையில், அதே வெளிச்சத்தில், தம் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டார். தலைமுடியும் திரையும் சேர்ந்தே வெளுத்தன.

முதிய உடலையும் பிரசவித்த உடலையும் ஆடையின்றிக் காட்டுவது அவசியமா?

சிலருக்குச் சங்கடமாக இருக்கும் என்பது உண்மை. அத்தகைய படைப்புகள் உள்ள அறைக்கு முன்னால் அறிவிப்பு வைக்கப்படுவதும் அதற்காகவே. ஆனால் இளம்பெண்ணின் நிர்வாணத்தை நூற்றாண்டுகளாக அருங்காட்சியகச் சுவர்களில் இயல்பாக ஏற்றுக்கொண்ட கண்கள், முதியவளின் வயிற்றைக் கண்டதும் ஏன் திடுக்கிடுகின்றன என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க ஓவியர் ஆலிஸ் நீல் வாழ்நாள் முழுவதும் பிறரையே வரைந்தவர்; கருவுற்ற பெண்களை ஆடையின்றி வரைந்த அவருடைய ஓவியங்கள் புகழ்பெற்றவை. அவர் 1980-இல், 80 வயதில், தம்மையே அவ்வாறு வரைந்து முடித்தார். கோடு போட்ட நாற்காலி, மூக்குக் கண்ணாடி, ஒரு கையில் தூரிகை, மறு கையில் துடைக்கும் துணி, தளர்ந்த மார்பும் சரிந்த வயிறும். அனுதாபத்தை எதிர்பார்க்கும் பார்வை அதில் இல்லை. வேலைக்கு நடுவே யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல, என்ன வேண்டும் என்று கேட்கிற முகம்.

டெய்க்ஸ்ட்ரா 1994-இல் எடுத்த மூன்று படங்கள், குழந்தை பெற்று ஒரு மணி நேரமும், ஒரு நாளும், ஒரு வாரமும் ஆன மூன்று பெண்களைச் சுவர் முன் நிற்க வைத்துக் காட்டுகின்றன. ஒருத்தியின் காலில் ரத்தம் வழிந்திருக்கிறது. மூவரும் குழந்தையை மார்போடு அணைத்திருக்கும் விதத்தில் பெருமிதமும் திகைப்பும் ஒருங்கே உள்ளன. ஜெர்மானிய ஓவியர் பவுலா மோடர்ஸோன்-பெக்கர் 1906-இல் கருவுற்ற கோலத்தில் தம்மை வரைந்துகொண்டபோது அவர் கருவுற்றிருக்கவில்லை. மறு ஆண்டு மகளைப் பெற்று மூன்று வாரம் ஆகும் முன்பே, 31 வயதில் இறந்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த ஓவியத்தை முன்போலப் பார்க்க முடிவதில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. எலும்பு துருத்திய விலா, வற்றிய மார்பு, கையில் தாளம் என அமர்ந்திருக்கும் காரைக்கால் அம்மையாரின் சோழர்காலச் செப்புத்திருமேனிகளை எண்ணிப் பாருங்கள். இளமையையும் அழகையும் உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்ற பெண்ணை வடித்த சிற்பி, அந்த வற்றிய முகத்தில் புன்னகையை வைத்தார்.

கலைஞர் தாயாக இருந்தால்தான் இப்படிப்பட்ட கண்காட்சி வைக்க முடியுமா?

இல்லை. தாயும் சேயும் என்ற பொருளில் பெயர்பெற்ற அமெரிக்க ஓவியர் மேரி கசாட்டுக்குப் பிள்ளைகள் இல்லை. மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1932-இல் தம் கருச்சிதைவை ஓர் உலோகத்தகட்டில் வரைந்தார். மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் அவர் கையிலிருந்து சிவப்பு இழைகள் கருவுக்கும், நத்தைக்கும், இடுப்பெலும்புக்கும் நீள்கின்றன. தாயாகாமல் போனதும் இந்தப் பொருளுக்குள் அடங்கும்.

இறந்துபோன தாயின் பழைய துணியையும் பல்செட்டையும் காட்சிக்கு வைப்பதில் என்ன இருக்கிறது?

ஜப்பானிய நிழற்படக் கலைஞர் இஷியுச்சி மியாக்கோவுக்கும் தாய்க்கும் இடையே உறவு இணக்கமாக இருந்ததில்லை. 2000-இல் தாய் மறைந்த பிறகு, எஞ்சிய பொருள்களை எடுத்துப்போட மனமில்லாமல், ஒவ்வொன்றாகப் படம் எடுக்கத் தொடங்கினார். பாதி தேய்ந்த லிப்ஸ்டிக், முடி சிக்கிய சீப்பு, பல்செட், உள்ளாடைகள். மெல்லிய பாவாடையைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி, பின்னிருந்து வரும் ஒளியில் எடுத்திருக்கிறார்; துணிக்குள் உடல் இல்லாதது அப்போதுதான் முழுவதுமாகத் தெரிகிறது. லிப்ஸ்டிக் படத்தில், தேய்ந்த முனையின் சாய்வைக் கவனித்தால், அந்தப் பெண் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கமாக இழுத்துப் பூசினாள் என்பதைக்கூட ஊகிக்கலாம். உயிருள்ளவரின் உருவப்படம் சொல்லாத ஒன்றை அந்தச் சாய்வு சொல்கிறது. 2005-இல் வெனிஸ் ஈராண்டுக் காட்சி எனப்படும் பியென்னாலேயில் ஜப்பானின் சார்பில் இந்தப் படங்கள் வைக்கப்பட்டன.

அதே 2005-இல் பெய்ஜிங்கில், சோங் டோங் என்னும் சீனக் கலைஞர் தம் தாய் வாழ்நாளெல்லாம் எறியாமல் சேர்த்துவைத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களைத் தரையில் அடுக்கிக் காட்சியாக்கினார். பற்பசைக் குழாய்கள், புட்டி மூடிகள், சோப்புக்கட்டிகள், கிழிந்த காலணிகள், மடித்த நெகிழிப் பைகள். பஞ்சத்தையும் தட்டுப்பாட்டையும் பார்த்த தலைமுறைக்கு எதையும் வீசியெறிய மனம் வராது. 2002-இல் கணவர் இறந்த பிறகு அந்தப் பழக்கம் அவரை முழுதாக மூடிக்கொண்டது. மகன் பொருள்களை அகற்றவும் இல்லை, தாயைத் திருத்தவும் இல்லை. அவற்றை எப்படி அடுக்குவது என்பதைத் தாயிடமே விட்டார். கண்காட்சி என்ற சொல்லுக்கு முன்பாகவே அது ஒரு மகன் செய்த பணிவிடை என்று எனக்குத் தோன்றுகிறது.

சில படைப்புகள் பழுத்தும் உதிர்ந்தும் காணப்படுகின்றன. பராமரிப்புக் குறைவா?

பெரும்பாலும் இல்லை. சிற்பி ஈவா ஹெஸ்ஸே 1960-களின் இறுதியில் ரப்பர்ப் பாலைத் துணியில் பூசிச் செய்த சிற்பங்கள், செய்தபோது இளகியும் வெளிர்நிறமாகவும் இருந்தவை. காற்றும் ஒளியும் பட்டு இன்று கறுத்து, விறைத்து, தொட்டால் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டன. நீடிக்காது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. 34 வயதில் இறந்த அவருக்குக் கிடைக்காத முதுமை அவருடைய படைப்புகளுக்குக் கிடைத்திருக்கிறது. அமெரிக்கக் கலைஞர் ஸோயி லியனர்டு பழத்தோல்களை நூலாலும் பொத்தானாலும் தைத்துச் செய்த படைப்பில், அழுகலைத் தடுத்து நிறுத்தும் முறை கைக்கு எட்டிய பிறகும், அது வேண்டாம் என்று முடிவு செய்தார்.

அறை ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது?

தாள், துணி, பழைய நிழற்படம் ஆகியவற்றின் மீது விழும் ஒளியை 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவுக்குள் வைப்பது அருங்காட்சியக வழக்கம். வெளிச்சத்தால் வெளுத்த சாயம் மீண்டும் வராது. உள்ளே வந்ததும் சில நிமிடம் நின்றால் கண் பழகிவிடும்.

சிறுவர்களை அழைத்து வரலாமா?

தாராளமாக வரலாம். பிரசவம், நிர்வாணம், மரணம் ஆகியவை இடம்பெறும் அறைகளைப் பெற்றோர் முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. பாட்டி தாத்தாவையும் உடன் அழைத்து வந்தால், பேச்சு தானாகவே தொடங்கும்.

விளக்க அட்டையை முதலில் படிக்க வேண்டுமா, படைப்பை முதலில் பார்க்க வேண்டுமா?

படைப்பை முதலில் பாருங்கள். பிறகு அட்டையில் ஆண்டை மட்டும் பாருங்கள். அந்த ஆண்டில் கலைஞருக்கு என்ன வயது என்று கணக்கிட்டுவிட்டு மறுபடியும் படைப்பைப் பாருங்கள். மற்ற விளக்கங்கள் பின்னால் வரட்டும். அவற்றுள் சில, படைப்பைவிடக் கடினமான மொழியில் எழுதப்பட்டிருப்பது இத்துறையின் தீராத குறை.

சமீபத்தில் தாயை இழந்தவர்களோ, குழந்தையை இழந்தவர்களோ இதைப் பார்க்கலாமா?

அவரவர் மனநிலையைப் பொறுத்தது. உடன் ஒருவரை அழைத்து வருவதும், இடையில் எழுந்து வெளியே சென்று வர முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் உதவும். எல்லா அறைகளையும் பார்த்து முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை.

கலைஞர் அல்லாத ஒருவர் தம் தாயைப் பற்றி இப்படி ஒன்றைச் செய்து வைக்க முடியுமா?

முடியும்; அதற்கு ஒரு கைப்பேசி போதும். ஆண்டுக்கு ஒருமுறை, அதே நாற்காலியில், அதே சன்னல் வெளிச்சத்தில், அதே தொலைவிலிருந்து எடுங்கள். சிரிக்கச் சொல்லாதீர்கள். முகத்தோடு கைகளையும் தனியே ஒரு படம் எடுங்கள். பலருக்கு முகத்தைவிடக் கைதான் முதலில் மூப்படைந்ததைக் காட்டும். தாய்க்கு விருப்பமில்லாத ஆண்டில் விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியும் வரிசையில் இருக்கட்டும். படத்தை அச்சிட்டு, பின்புறம் மென்மையான பென்சிலால் தேதியை எழுதுங்கள். பேனா மை நாளடைவில் தாளின் மறுபக்கம் ஊறிவிடக்கூடும். நெகிழி உறையில் ஒட்டிக்கொள்ள விடாமல், அமிலமற்ற தாள் உறையில் இட்டு, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வைத்தால் பல ஆண்டுகள் கெடாது.